ராக்கெட்டின் வயிற்றைப் பற்றியும் கொஞ்சம் பேசலாமே

பி.காம். படிக்கிறவனுக்கு ராக்கெட்டில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் இந்தப் பதிவைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம் :-) ராமேஸ்வரம் பக்கத்துக்காரனுக்குக் கலாம் அய்யா பெயரில் அந்த அளவு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

2021 பிப்ரவரி 7-ம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து மாணவர்கள் செய்த 100 குட்டிச் செயற்கைக்கோள்களை பலூனில் ஏற்றி அனுப்பினார்கள். 2023 பிப்ரவரி 19-ல் பட்டிபுலத்திலிருந்து ஒரு ராக்கெட், அதில் 150. 2024 ஆகஸ்ட் 24-ல் திருவிடந்தையில் ரூமி-1. எல்லாம் நல்ல விஷயம்தான், நானும் கை தட்டினேன். ஆனால் இவற்றில் எதுவும் பூமியைச் சுற்றப் போகவில்லை. மேலே போய்விட்டுக் கீழே வருகிற வகை. அப்படியென்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை கோள்?" என்பதா, "எப்படி இறங்கும்?" என்பதா? செய்தியில் வந்தது எண்ணிக்கை மட்டும்தான். ப்ளஸ் ஒன் படிக்கும் என் சித்தி பையன் இதுபோன்ற ஒரு நிகழ்ச்சியில் சான்றிதழ் வாங்கி வந்தான். பாராசூட்டை யாருடா திறப்பாங்க என்று கேட்டேன். "தானா திறக்கும்ணே" என்றான்.

தானாக ஒன்றும் திறக்காது. அதற்கென்று ராக்கெட்டின் நடுவில் ஒரு அறை இருக்கிறது. வெளிநாட்டில் பெரிய மாடல் ராக்கெட் விடுகிறவர்கள் எலக்ட்ரானிக்ஸ் பே என்பார்கள். நான் வயிறு என்கிறேன். ராக்கெட்டின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் குழாய்த் துண்டுதான் அது. இரண்டு முனையிலும் பிளைவுட் வட்டம் வைத்து மூடி, நடுவே இரண்டு மரை வெட்டிய கம்பிகளை ஓட்டி நட்டு போட்டு இறுக்குவார்கள். பாராசூட் விரியும்போது வருகிற வெட்டு இழுப்பை இந்தக் கம்பிகள்தான் தாங்க வேண்டும், பசை தாங்காது. உள்ளே ஒரு பலகை. அதில் அல்டிமீட்டர், பேட்டரி, ஒயர்கள். பேட்டரியை டை போட்டுக் கட்டவில்லை என்றால் ராக்கெட் கிளம்பும் வேகத்தில் பிடுங்கிக்கொண்டு கீழே போய்விடும். அப்புறம் யார் பாராசூட்டைத் திறப்பது?

அல்டிமீட்டர் உயரத்தை நேராக அளப்பதில்லை. காற்றழுத்தத்தை அளக்கிறது. கடல் மட்டத்தின் பக்கத்தில் 10 மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் 1.2 மில்லிபார் குறையும். அழுத்தம் குறைவது நின்று மறுபடி ஏற ஆரம்பித்தால் உச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கொஞ்சூண்டு கருமருந்தைக் கொளுத்தி ராக்கெட்டை இரண்டாகப் பிரித்துவிடும். இதற்கு அந்த அறை மூச்சு விட வேண்டும். சுவரில் மூன்று நான்கு சின்னத் துளைகளைச் சம இடைவெளியில் போடுவார்கள். ஒரே துளை போட்டால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதை நம்பி ஏமாந்துவிடும். ஒன்றரை லிட்டர் கொள்ளும் அறைக்கு மொத்தமாகக் கால் அங்குலத் துளை ஒன்றின் பரப்பு இருந்தால் போதும் என்பது பழகியவர்கள் கணக்கு. அதே சமயம் முனை மூடிகளில் ஊசி ஓட்டைகூட இருக்கக் கூடாது. மருந்தின் புகை உள்ளே வந்தால் அல்டிமீட்டர் உயரத்தைத் தப்பாகப் படிக்கும், கரி படிந்தே கெட்டும் போகும். பக்கவாட்டில் திறந்தும் மேலும் கீழும் மூடியும் இருக்க வேண்டிய விசித்திரமான வயிறு!

எங்கள் ஊரில் இது இன்னும் முக்கியம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 மீட்டரில் பெரிய பாராசூட்டைத் திறந்து விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்கினால் 200 விநாடி. காற்று விநாடிக்கு 8 மீட்டர் என்றால் 1600 மீட்டர் தள்ளிப் போய் விழும். தனுஷ்கோடி போகிற வழியில் அது நிச்சயம் கடல்தான். உச்சியில் குட்டிப் பாராசூட், 20 மீட்டர் வேகம், 200 மீட்டர் உயரத்தில் பெரியது என்று வைத்தால் மொத்தமே 80 விநாடி, 640 மீட்டர். இந்த இரண்டு வேளை பார்த்து இரண்டு உத்தரவு கொடுப்பதும் அதே வயிறுதான். பாராசூட்டே திறக்கவில்லை என்றால் மேலே போன அத்தனை கிலோவும் கீழே இருக்கிறவன் தலைக்கு.

அதனால்தான் அமெரிக்காவில் மூன்றாம் நிலைச் சான்றிதழுக்கு இரண்டு தனித்தனி எலக்ட்ரானிக் அமைப்பு கேட்கிறார்கள். இங்கேதான் என் ஆடிட்டிங் பாடம் உதவுகிறது. கேஷ் புக் எழுதுகிறவரே அதைச் சரிபார்த்தால் அது சரிபார்ப்பே இல்லை. 1996 ஜூன் 4-ல் ஏரியான்-5 கிளம்பி 37 விநாடி வாக்கில் தடம் மாறிச் சிதறியதே, அதிலும் ஒன்று பழுதானால் இன்னொன்று என்று இரண்டு வழிகாட்டிக் கருவிகள் இருந்தன. இரண்டிலும் ஒரே மென்பொருள். பழைய ஏரியான்-4-லிருந்து எடுத்தது. இரண்டும் ஒரே காரணத்தால் விழுந்தன. இரண்டு அல்டிமீட்டர் வைத்துவிட்டு ஒரே பேட்டரியில் கொடுக்கிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

1979 ஆகஸ்ட் 10 கதையைப் பள்ளிக்கூட மேடைகளில் சொல்லாதவர் இல்லை. எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது, கலாம் கலங்கவில்லை, 1980 ஜூலை 18-ல் ரோகிணி சுற்றியது. சரி, ஏன் விழுந்தது? இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்தது. அந்தக் கசிவைச் சொல்லாமல் விட்டுவிட்டுத் தன்னம்பிக்கையை மட்டும் சொன்னால் பையன்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்?

நம் ஊரில் ராக்கெட் விட முடியாது, தெரியும். கருமருந்து 1884-ம் வருட வெடிபொருள் சட்டத்துக்குள் வருகிறது. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது, கடலில் சர்வதேச எல்லை இருக்கிறது. அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் வயிற்றைச் செய்து பார்க்க மருந்தும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். ஆர்டுயினோ, ஒரு அழுத்த சென்சார், பேட்டரி... ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். மருந்துக்குப் பதிலாகச் சின்ன சீரியல் பல்பு. எல்லாவற்றையும் வாய் அகன்ற ஊறுகாய் பாட்டிலில் வைத்து மூடி, பெரிய சிரிஞ்சால் காற்றை இழுங்கள். ராக்கெட் ஏறுகிறது. மெதுவாக விடுங்கள். இறங்குகிறது. உச்சியில் முதல் பல்பு, கீழே வரும்போது இரண்டாவது பல்பு. சரியான நேரத்தில் எரியவில்லை என்றால் ஏன் என்று ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொள்ளலாம். இங்கே உப்புக் காற்று வேறு. இரண்டு மாதம் கழித்து அதே பெட்டியை எடுத்தால் முனைகளில் பச்சை பூத்திருக்கும், அதுவும் ஒரு பாடம். ராமநாதபுரம் மாவட்டத்தில் எந்தப் பள்ளி இதைச் செய்ய முடியாது, சொல்லுங்கள்?

பேக்கரும்பில் 2017-ல் திறந்த கலாம் நினைவிடத்தில் ராக்கெட், ஏவுகணை மாதிரிகளைப் பார்த்துவிட்டு எல்லோரும் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறோம். அவற்றின் பக்கத்தில் ஒரு ராக்கெட்டைக் குறுக்கே வெட்டி, கம்பி, பலகை, ஒயர் எல்லாம் தெரிகிற மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் என்ன? கூடவே தமிழில் நாலு வரி. எழுதிக் கொடுக்க நான் தயார், காசு வேண்டாம் :-)