எத்தனை டவுன்லோடு சார்?

ஹிட் கவுண்ட்டர் மாட்டி, தானே நாலு தடவை ரெஃப்ரெஷ் தட்டி, ஏறுகிற எண்ணைப் பார்த்துப் பூரித்துப் போன பதிவர்கள் நிறையப் பேரை நமக்குத் தெரியும். அது பாவமில்லாத விளையாட்டு. அதே விளையாட்டை லட்சக்கணக்கான ரூபாய் சந்தாவை வைத்து கல்லூரி நூலகங்களில் ஆடுகிறார்கள். அதைப் பற்றித்தான் இன்றைய புலம்பல்.

நடப்பது இதுதான் மக்களே. மின்னிதழ்களுக்கும் டேட்டாபேஸ்களுக்கும் நூலகம் சந்தா கட்டுகிறது. வருசக் கடைசியில் நிர்வாகம் நூலகரைக் கூப்பிட்டு, "எத்தனை டவுன்லோடு சார்?" என்று கேட்கிறது. சந்தாத் தொகையை அந்த எண்ணால் வகுத்து, ஒரு டவுன்லோடுக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒரு கணக்கு. அதிகமாக வந்தால் அந்த டேட்டாபேஸுக்குச் சங்கு. மூன்றாம் வகுப்பு வகுத்தல் கணக்கை வைத்து ஆராய்ச்சி மாணவன் தலையில் கை வைக்கிறோம்.

லாக் ஃபைல்களோடு மாரடிப்பதுதான் எனக்குப் பிழைப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன்: எதை எண்ணினார்கள் என்று தெரியாத எண் எண்ணே இல்லை.

முதலில் ஒரு நல்ல செய்தி. ஆளாளுக்கு ஒரு மாதிரி எண்ணக் கூடாது என்று நூலகர்களும் பதிப்பாளர்களும் சேர்ந்து 2002-ல் 'கவுண்ட்டர்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஒரே ஆள் ஒரே கட்டுரையை 30 விநாடிக்குள் இரண்டு தடவை க்ளிக்கினால் ஒன்றுதான், தேடல் ரோபோக்களைக் கழித்துவிட வேண்டும், வருசா வருசம் வெளி ஆடிட்டர் பார்க்க வேண்டும் என்று ஒழுங்கான விதிகள். நிர்வாகங்கள் இந்த விதிகளைப் படிப்பதில்லை, கடைசி வரியின் கூட்டுத்தொகையை மட்டும்தான் படிக்கின்றன. அங்கே தான் சனி பிடிக்கிறது.

1. மாணவி ஒருத்தி கட்டுரையை வெப் பக்கமாகத் திறந்து பார்க்கிறாள். பிடித்திருந்தால் பிடிஎஃப் இறக்குகிறாள். மொத்தக் கணக்கில் இது இரண்டு. சில தளங்கள் எல்லாரையும் முதலில் வெப் பக்கத்துக்கே தள்ளிவிடும், அவர்கள் எண் தானாக வீங்கும். தளத்தின் வடிவமைப்பே எண்ணிக்கையை மாற்றுகிறது என்று பிலிப் டேவிஸ், ஜேசன் பிரைஸ் இருவரும் 2006-லேயே ஆய்வுக் கட்டுரை போட்டுவிட்டார்கள். சும்மா ஒரு கணக்குக்கு, சந்தா 3 லட்சம் என்று வையுங்கள். 6,000 டவுன்லோடு என்றால் ஒன்றுக்கு 50 ரூபாய். அதே வாசிப்பு 12,000 என்று பதிவானால் 25 ரூபாய். படித்த ஆட்கள் அதே ஆட்கள்தான்! இதற்காகவே 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் பதிப்பில், ஒரு அமர்வில் ஒரு கட்டுரையை எந்த வடிவில் எத்தனை முறை திறந்தாலும் ஒன்று என்று எண்ணும் தனிக் கணக்கு வந்தது. அந்தக் காலத்தைப் பார்க்கும் நிர்வாகம் எத்தனை?

2. மேத்ஸைநெட் மாதிரி டேட்டாபேஸில் கட்டுரையின் முழு வடிவமே கிடையாது. எந்தக் கட்டுரை எங்கே வந்தது, அதில் என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் அதன் வேலை. அதில் டவுன்லோடு எத்தனை என்று கேட்பது, ரயில்வே கால அட்டவணையில் எத்தனை பேர் பயணம் செய்தார்கள் என்று கேட்பது மாதிரி. அங்கே பார்க்க வேண்டியது தேடல்களையும், விவரக் குறிப்பைத் திறந்து பார்த்த எண்ணிக்கையையும். தேடலிலும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். ஒரே தளத்தில் பத்து டேட்டாபேஸ் இருந்து, ஒரே பெட்டி பத்திலும் தேடினால், பத்துக்கும் ஆளுக்கு ஒரு தேடல் ஏறும்.

3. முந்தைய பதிப்பின் இதழ் அறிக்கையில் எல்லோருக்கும் இலவசமாக வந்த கட்டுரைகளும் சேர்ந்தே இருந்தன. ஐந்தாம் பதிப்பின் வழக்கமான இதழ் அறிக்கை அவற்றைக் கழித்துவிட்டது. இது தெரியாமல் 2018-ஐயும் 2019-ஐயும் ஒரே கோட்டில் வரைந்தால், "பசங்க படிக்கிறதையே விட்டுட்டாங்க" என்றுதான் தோன்றும். மாறியது அளவுகோல் சாமி, பசங்க இல்லை.

4. ஒருமுறைகூடத் திறக்காத இதழ் ஐந்தாம் பதிப்பு அறிக்கையில் வராது. 500 இதழ் வாங்கி 200 மட்டும் பயன்பட்டால், அறிக்கையில் 200 வரிதான். அதை வைத்துச் சராசரி போட்டால் விற்பவருக்குக் கொண்டாட்டம். வாங்கிய பட்டியலோடு ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கூத்து. 2017-ல் வந்த நாக் கையேட்டில், நூலகத்துக்கு வந்தவர்கள், ஆன்லைனில் லாகின் செய்தவர்கள் கணக்கைக் கேட்டு ஒரு அளவுகோல் வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் என்ன செய்தார்கள் தெரியுமா? லேப் நேரத்தில் மொத்த வகுப்பையும் உட்கார வைத்து, "எல்லாரும் லாகின் பண்ணி ஆளுக்குப் பத்து டவுன்லோடு பண்ணுங்க" என்றார்கள். பண்ணினார்கள். எண் எகிறியது. எத்தனை பேர் படித்தார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன் :-)

இப்போது ஏன் இவ்வளவு கத்துகிறேன்? 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை மூன்று வருசத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பாளர்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். பயன்பாட்டை அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் அவ்வப்போது பரிசீலிக்கும் என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள். கேட்க வேண்டியதுதான், நம் வரிப்பணம். ஆனால் அந்தப் பரிசீலனை டவுன்லோடு தரவரிசையாகச் சுருங்கினால் யார் அடிபடுவார்கள்? ஆயிரக்கணக்கில் ஆராய்ச்சி மாணவர்கள் உள்ள ஐஐடி இல்லை. ஒரே ஒரு முனைவர் பட்ட மாணவியும், விட்டு விட்டு வரும் இணையமும் உள்ள சின்ன ஊர் அரசுக் கல்லூரிதான். அவள் வருசத்துக்கு 40 கட்டுரை எடுத்து, அதில் ஒன்று அவள் ஆராய்ச்சியையே திருப்பிப் போட்டிருந்தாலும், அறிக்கையில் அது '40' தான். மேலே இருப்பவருக்கு அது வீண் செலவு.

"அப்போ எண்ணே வேண்டாங்கிறியா?" என்பீர்கள். வேண்டும். ஆனால் இதையும் பாருங்கள்: உரிமம் இல்லாமல் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கவுண்ட்டர் அறிக்கையிலேயே ஒரு எண் இருக்கிறது. பசித்து வந்து சோறில்லாமல் போனவர்களின் கணக்கு அது. அடுத்து எதை வாங்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல துப்பு கிடையாது. அப்புறம், துறைவாரியாக ஒப்பிடுங்கள், கணிதத்தையும் மருத்துவத்தையும் ஒரே தராசில் போடாதீர்கள். அதற்கும் மேலே, சந்தாவை வெட்டுவதற்கு முன்னால் அந்தத் துறைக்கு நடந்து போய் நாலு பேரிடம் வாயைத் திறந்து கேளுங்கள். அதற்கு சாஃப்ட்வேர் தேவையில்லை, செருப்பு போதும்.

டிஸ்கி: உங்களில் கல்லூரியில் வேலை பார்க்கும் பதிவர்கள் நாளைக்கு உங்கள் நூலகரிடம், "டவுன்லோடு எத்தனை" என்று கேட்காமல், "திருப்பி அனுப்பினது எத்தனை" என்று கேட்டுப் பாருங்கள். இத்தனை வருசத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.