வெள்ளிக்கிழமையில் வரும் ஞாயிறு

குவைத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். எனவே அங்கு வாழும் கேரளச் சிரியன் கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றுக்கு வழிபாடும் பிள்ளைகளின் மறைக்கல்வியும் வெள்ளிக்கிழமையிலேயே அமைகின்றன. அந்த மாற்றுநாட்காட்டியை வீட்டுக்குள் நடத்திச் செல்பவர் பெரும்பாலும் தாய். இத்தாய்மாருள் பலர் செவிலியர். தாம் முதலில் புலம்பெயர்ந்து, பின்னர் கணவரை அழைத்துக்கொண்டவர்களும் உண்டு.

பெரிய வியாழனும் அங்கு வேலை நாளே. பணி முடிந்து திரும்பி, அரிசியும் உளுந்தும் அரைத்து, புளிக்கவிடாமல் பெசகா அப்பத்தை அவித்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துப் பால் காய்ச்சுபவர் தாய். அதனைப் பிட்டுப் பகிர்பவர் குடும்பத் தலைவர். தலைவர் யார் என்பதை வருமானம் தீர்மானிப்பதில்லை. குடும்பத்தை அழைத்து வந்த விசாவும் தீர்மானிப்பதில்லை. மரபே தீர்மானிக்கிறது.

புலம்பெயர்வு ஆய்வுகள் ஊருக்கு வரும் பணத்தை எண்ணுகின்றன; சமய ஆய்வுகள் ஆலயங்களையும் சபைகளையும் ஆராய்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையில் இவ்வுழைப்பு எளிதில் விடுபட்டுப்போகிறது. 2022 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது. அரசுக்கு அது ஓர் ஆணை. அதற்கேற்பச் சமையல், பள்ளி, மறைக்கல்வி, பணிமுறை அனைத்தையும் மீண்டும் அடுக்கும் வேலை வீடுகளுக்குரியது.

இதனைப் 'பண்பாட்டுத் தொடர்ச்சி' என்று பாராட்டிக் கடந்துவிடுவது, ஊதியப் பணிக்கு மேல் சுமக்கப்படும் இரண்டாம் பணியை மறைக்கிறது. கள ஆய்வின் வினாப்பட்டியலில், மாதம் எவ்வளவு பணம் அனுப்பப்படுகிறது என்ற கேள்வியோடு, அப்பம் அவிப்பவர் யார், பிட்டுக் கொடுப்பவர் யார் என்ற கேள்விகளும் இடம்பெற வேண்டும்.