பழைய காரும் உழைத்த கையும்

ஊர்வலம் போகிறது! கொடி பிடித்த ஊர்வலமல்ல, கோரிக்கை முழங்கும் ஊர்வலமுமல்ல. பழைய மோட்டார்களின் ஊர்வலம். பித்தளை விளக்கு பளபளக்கிறது. ரப்பர்க் குழல் 'பாம், பாம்' என்கிறது. மெத்தையில் சாய்ந்தபடி சீமான் கையசைக்கிறார். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் ஓரத்தில், எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஒருவர் நிற்கிறார். வண்டி இடையிலே நின்றுவிட்டால் ஓடிவர வேண்டியவர் அவர். கையசைக்கும் உரிமை ஒருவருக்கு. கை அழுக்காகும் கடமை மற்றவருக்கு!

இதைச் சொல்வதால், பழைய காரைப் போற்றுவதே குற்றம் என்று நாம் கூறுவதாக எவரும் எண்ணவேண்டாம். எந்திரம் மனித அறிவின் குழந்தை. அதன் பிள்ளைப் பருவத்தைக் காப்பாற்றி வைப்பது நல்ல காரியம். நாம் கேட்பது வேறு. பழையது எல்லாம் பெருமைக்குரியதா? அல்லவென்றால், எந்தப் பழைய கார், எந்தப் பழைய எஞ்சின், 'விண்டேஜ்' என்றும் 'கிளாசிக்' என்றும் அழைக்கத் தக்கது? அதற்கு அளவுகோல் எது? அந்த அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர் யார்? பாட்டாளித் தோழர்கள் சிந்திக்க வேண்டிய கேள்விகள் இவை.

முதலில் வயதை எடுத்துக் கொள்வோம். 'விண்டேஜ்' என்ற சொல்லே திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்தது. எந்த ஆண்டில் பழம் பறித்துப் பிழிந்த மது என்பதைக் குறிக்கும் சொல் அது. அதைக் காருக்குச் சூட்டியவர்கள் ஆங்கிலேயர்கள். 1934-இல் அங்கே ஒரு விண்டேஜ் கார்ச் சங்கம் தோன்றிற்று. 1930-ஆம் ஆண்டு முடிவதற்குள் செய்யப்பட்ட காரே விண்டேஜ் என்று கோடு கிழித்தது அந்தச் சங்கம். ஏன் 1930? உலகையே உலுக்கிய பொருளாதார வீழ்ச்சியில், கையால் இழைத்து இழைத்துக் கார் செய்த கம்பெனிகள் பல சாய்ந்தன. மலிவாகச் செய்து விற்கும் முறை மேலோங்கிற்று. 'பழைய வேலைப்பாடு இனி வராது' என்று அவர்கள் கருதினார்கள். அவர்கள் கிழித்த கோடு வயதுக்கோடு போலத் தெரியும். உண்மையில் அது வேலைத்திறனுக்கு இட்ட கோடு!

லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஆண்டுதோறும் ஓடும் கார்களுக்கு இன்னும் கடுமையான கணக்கு. 1905 பிறப்பதற்கு முன் செய்தவற்றுக்கே அங்கு இடம். 1896-இல் இங்கிலாந்தில் மோட்டார் வண்டியின் வேகத்துக்கு இருந்த கட்டு தளர்ந்ததைக் கொண்டாடி நடந்த ஓட்டத்தின் நினைவு அது. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு ஒன்று 1966-இல் உருவானது. அதன் கணக்கு முப்பது ஆண்டு. நம் இந்திய அரசு 2021-இல் வகுத்த விதியின் கணக்கு ஐம்பது ஆண்டு.

முப்பதா? ஐம்பதா? 1930-ஆ? 1905-ஆ? சங்கத்துக்குச் சங்கம், நாட்டுக்கு நாடு மாறுகிறது கணக்கு. ஆகவே, வயது ஒன்றே அளவுகோல் ஆகாது. ஐம்பது ஆண்டு மழையிலே கிடந்து துருப்பிடித்த தகரமும் பழையதுதான்; அதற்கு மாலை போடுவோர் உண்டா?

'வயதல்ல, அசல்தான் முக்கியம்' என்பார்கள் சிலர். பிறந்தபோது இருந்த எஞ்சின், பிறந்தபோது இருந்த சட்டம், பிறந்தபோது அடித்த சாயம் எல்லாம் அப்படியே இருக்க வேண்டுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடிய வண்டி எது அப்படியே இருக்கும்? பட்டறைத் தோழரைக் கேளுங்கள், சொல்வார். ஓடினால் பிஸ்டன் ரிங் தேயும். ஓடினால் பேரிங் போகும். ஓடினால் பிரேக் கட்டை கரையும். எதுவுமே மாற்றாத கார் வேண்டுமென்றால், எங்குமே போகாத காரைத்தான் தேட வேண்டும்!

இந்த வழக்கு நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே போயிற்று. பென்ட்லி கம்பெனியின் பந்தயக் கார் ஒன்று. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று அதற்குப் பெயர். ஆறு சிலிண்டர், ஆறரை லிட்டர் எஞ்சின். பிரான்சிலுள்ள லெ மான் நகரத்தின் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929-இலும் வென்றது, 1930-இலும் வென்றது. பிறகு எஞ்சினை மாற்றினார்கள். 1932-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் கரையைத் தாண்டிப் பாய்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ மாண்டார். நொறுங்கியதை மீண்டும் கட்டினார்கள். கூடு மாறிற்று, உருவம் மாறிற்று. இப்படி மாறி மாறி வந்த காருக்குப் பிற்காலத்தில் ஒரு கோடி பவுண்டு விலை பேசப்பட்டது! வாங்க இசைந்தவர்கள் பின்வாங்கினார்கள். 'இது அந்தக் கார் அல்ல. 1929-இல் ஓடியதன் உறுப்புகள் இதில் எத்தனை?' என்று கேட்டார்கள்.

1990-இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முதலில் ஓடிய காரின் உறுப்புகள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன என்பதை நீதிபதி அறிவார். ஆயினும், ஒரு நாளும் அந்தக் கார் இல்லாமற் போய்விடவில்லை. உடைந்தது, திருத்தப்பட்டது, மாற்றப்பட்டது, ஆனால் அதன் வரலாறு அறுபடாமல் வந்திருக்கிறது. ஆகவே இதுவே அந்தக் கார் என்றார். விற்றவர் பக்கம் வழக்கு வென்றது.

நமக்கு இது புதிய செய்தியா? ஊர்த் தேரை நினைத்துப் பாருங்கள். அச்சு மாறும், சக்கரம் மாறும், பலகை மாறும். 'இது எங்கள் ஊர்த் தேர்' என்பது மாறுவதில்லை. லண்டன் நீதிமன்றம் 1990-இல் கண்டு சொன்னதை, வடம் பிடித்த கைகள் வழிவழியாக அறிந்திருக்கின்றன!

ஆனால் தீர்ப்போடு நம் கேள்வி முடியவில்லை. வரலாறு அறுபடாமல் வந்தது என்றால், அறுபடாமல் காத்தது யார்? பந்தயத்தில் ஓட்டியவர்களின் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன: பர்னாட்டோ, பிர்க்கின், கிட்ஸ்டன். இவர்களில் பர்னாட்டோ, தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கச் செல்வத்தின் வாரிசு. கம்பெனியின் தலைவரும் அவரே. ஓட்டும் துணிவு அவர்களிடம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் லண்டன் கிரிக்கிள்வுட் பட்டறையில் அந்த எஞ்சினைக் கோத்த ஃபிட்டரின் பெயர் என்ன? கிராங்க் தண்டைக் கடைந்த டர்னரின் பெயர் என்ன? நொறுங்கிக் கிடந்ததைத் தட்டி நிமிர்த்திய கொல்லரின் பெயர் என்ன? வெற்றிக் கோப்பையில் அந்தப் பெயர்களுக்கு இடமில்லை. கம்பெனியை நிறுவிய டபிள்யூ. ஓ. பென்ட்லியே, டான்காஸ்டர் ரயில்வே பட்டறையில் பயிலாளாக இருந்து எந்திரம் கற்றவர்தான். ரயில்வே பட்டறை என்ற பள்ளிக்கூடம் இல்லையேல் அந்தப் பந்தயக் காரும் இல்லை!

விலைதான் பெருமை என்று எண்ணுவோருக்கும் ஒரு சொல். 1999-இல், இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கார் எது என்று பல நாட்டு வல்லுநர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். மகாராஜாக்கள் ஏறிய கார் வென்றதா? இல்லை. ஃபோர்டு கம்பெனியின் 'மாடல் டி' வென்றது! 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து குவித்த கார். குடியானவன் ஏறிய கார், தொழிலாளி ஏறிய கார். அதன் பின் சக்கரத்தில் வார் மாட்டி, மரம் அறுத்தவர்களும் உண்டு. அந்தக் கார் பிறந்த பட்டறையில், 1913-இல் தொடங்கிய ஓடும் வரிசை, மனிதனை எந்திரத்தின் பல்லாக்கிப் பிழிந்தது என்பதையும் நாம் மறக்கவில்லை. அதன் பெருமையும் அதன் கொடுமையும் சேர்ந்ததே அதன் வரலாறு. இரண்டையும் சொல்லும்போதுதான் அது உண்மையான பழம்பொருள்.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 2021-இல் இந்திய அரசு வகுத்த விண்டேஜ் விதி என்ன சொல்கிறது? முதற் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த இருசக்கர வண்டியும் பயணிகள் காரும் விண்டேஜ் ஆகலாம். எண் பலகையில் அதற்கென்று 'வி.ஏ.' என்ற தனி எழுத்து. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய் என்றது விதி. சட்டத்திலும் கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கண்காட்சிக்கும் ஆராய்ச்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். எண்ணெய் நிரப்பவும் பழுது பார்க்கவும் ஓட்டலாம். அன்றாட வேலைக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது!

இந்தத் தடைக்குக் காரணம் உண்டு, மறைக்க மாட்டோம். பழைய எஞ்சின் புகை கக்கும். பழைய பிரேக் நம்பத் தக்கதல்ல. சலுகையைக் காட்டி ஓட்டை வண்டியைச் சாலையில் விட ஆள் உண்டு. அந்தப் புகையைக் குடிப்பதும் ஏழைதான், அந்த வண்டியில் அடிபடுவதும் ஏழைதான். ஆகவே, காலாவதியான வண்டிகளை ஓட்டியே தீரவேண்டும் என்று நாம் வாதாடவில்லை.

ஆனால் வரையறையை உற்றுப் பாருங்கள், தோழர்களே! இருசக்கர வண்டிக்கு இடமுண்டு. காருக்கு இடமுண்டு. லாரிக்கு இடமில்லை. பஸ்ஸுக்கு இடமில்லை. டிராக்டருக்கும் இடமில்லை. மாளிகை வாசலில் நின்றது பழம்பெருமை. மூட்டை சுமந்தது பழைய இரும்பு! அரசுக்குச் சொந்தமான வண்டிகள், போக்குவரத்துக் கழகப் பஸ்கள் உட்பட, பதினைந்து ஆண்டு கடந்தால் மீண்டும் பதிவு பெற முடியாது என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நல்ல பிரேக்கும் குறைந்த புகையும் உள்ள புதுப் பஸ் வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் மில்லுக்கும் வயலுக்கும் பள்ளிக்கும் நம்மைச் சுமந்து சென்ற பஸ் வகைகளில், வகைக்கு ஒன்றையாவது நம் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டாமா? சீமானின் கார் மட்டும் நிலைத்து, தொழிலாளியின் பஸ் உருக்காலைக்குப் போனால், நாளைய பிள்ளை என்ன நினைக்கும்? அந்தக் காலத்தில் எல்லோரும் மெத்தைக் காரில் போனார்கள் என்றல்லவா நினைக்கும்!

அசல் வாதத்துக்கும் உழைப்பின் வாதத்துக்கும் நடுவே நல்வழி உண்டா என்று கேட்பவர்களைப் பெரம்பூருக்கு அழைக்கிறோம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-இல் செய்த நீராவி எஞ்சின் ஒன்று, கிழக்கிந்திய ரயில்வேயின் 21-ஆம் எண் எஞ்சின், நெடுங்காலம் காட்சிப் பொருளாக நின்றிருந்தது. மூச்சு நின்ற இரும்பு. அதைப் பெரம்பூர் லோகோ பட்டறைத் தொழிலாளர்கள் 2010-இல் மீண்டும் தண்டவாளத்தில் ஓட வைத்தார்கள்! இக்காலப் பாதுகாப்புக்கு வேண்டிய காற்று பிரேக்கையும் பொருத்தினார்கள். 1855-இல் இல்லாத பிரேக் ஏறியதால் அது வேறு எஞ்சின் ஆகிவிட்டதா? இல்லை. எதைச் சேர்த்தோம், எதை மாற்றினோம் என்று ஒளிக்காமல் சொன்னால் பழமைக்குப் பங்கமில்லை. புதிதாகச் செய்ததைப் பழையதென்று சொல்லி விற்பதே மோசடி.

ஆக, நம் அளவுகோல் இது. வயது வேண்டும், ஆனால் வயது மட்டும் போதாது. அறுபடாத வரலாறு வேண்டும். மாற்றியதை மறைக்காத நேர்மை வேண்டும். தன் காலத்து மக்களின் வாழ்வைத் தொட்டிருக்க வேண்டும். அதை ஓட வைக்கும் கைத்திறன் இன்றும் உயிரோடு இருக்க வேண்டும். இவை அனைத்தும் சேர்ந்தால், அது மகாராஜாவின் காராயினும் சரி, மண் சுமந்த லாரியாயினும் சரி, கிணற்றடியில் தட்டித் தட்டி ஓடிய ஆயில் எஞ்சினாயினும் சரி, பெருமைக்குரியதே!

கடைசியாகச் சொன்ன கைத்திறனைப் பற்றியே நமக்குக் கவலை அதிகம். கார்புரேட்டரின் ஓசையைக் கேட்டே கோளாறு சொல்லும் மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. கிடைக்காத உறுப்பை லேத்தில் கடைந்து கொடுக்கும் கைகள் குறைந்து வருகின்றன. அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. விரல் நுனியில் இருக்கிறது. அந்த விரல் ஓய்ந்துவிட்டால், கோடி ரூபாய்க் காரும் கொட்டகையில் நிற்கும் தகரமே.

எனவே மூன்றைக் கேட்கிறோம். லாரியையும் பஸ்ஸையும் டிராக்டரையும் விண்டேஜ் வரையறைக்குள் கொண்டு வருக. பாதுகாக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் பழுதுபார்த்த ஏடு ஒன்று இருக்கட்டும். உரிமையாளர் பெயரோடு, வேலை செய்த தொழிலாளியின் பெயரும் அதில் ஏறட்டும். மூத்த மெக்கானிக்குகளைத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு ஆசிரியர்களாக அழைத்து, தக்க ஊதியம் கொடுத்து, அவர்கள் கை அறிந்ததை இளைஞர் கைக்கு மாற்றுக.

தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் பட்டறையிலும் பணிமனையிலும் ஓய்வு பெற்ற மூத்தவர் ஒருவர் இருப்பார். இந்த வாரமே அவரிடம் போய் உட்காருங்கள். 'அண்ணே, அந்தக் காலத்து எஞ்சினை எப்படிப் பிரித்தீர்கள், எப்படிக் கோத்தீர்கள்?' என்று கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஊர்வலத்தில் கையசைப்பவரின் பெயரை எழுத ஏடுகள் ஆயிரம் உண்டு. எண்ணெய்க் கறை படிந்த சட்டைக்காரரின் பெயரை நாம்தான் எழுத வேண்டும்.