பார்ப்பவனின் உடை

ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரிலிருந்து புறநகர் ரயிலில் இருபது நிமிடம் பயணம் செய்தால் வார்னமுண்டே வந்துவிடும். வார்னோ ஆறு பால்டிக் கடலில் கலக்குமிடம் அது. பழைய கலங்கரை விளக்கம், அகன்ற வெண்மணல், வரிசை வரிசையாகக் கூரை வைத்த பிரம்பு இருக்கைகள். அந்த இருக்கைகளின் பிறப்பிடமே ரோஸ்டாக்தான். வாதநோய் கொண்ட ஒரு பெண்மணி காற்றும் வெயிலும் தாக்காமல் கடலருகே அமர விரும்பியதால், 1882இல் வில்ஹெல்ம் பார்ட்டெல்மன் என்ற கூடை முடைபவர் அவருக்காகச் செய்து கொடுத்தது முதல் இருக்கை. உடலை மறைத்துக்கொண்டு கடலைப் பார்ப்பதற்கான ஏற்பாடு. அதே மணலில் மேற்கே சற்று நடந்தால், எதையும் மறைக்காமல் கடலைப் பார்ப்பவர்களின் பகுதி தொடங்கிவிடுகிறது.

2019ஆம் ஆண்டுக் கோடையில் அங்கு சென்றேன். முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, பையில் குறிப்பேடு. வேடிக்கை பார்க்க வரவில்லை, ஒரு பண்பாட்டை அறிய வந்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லியிருந்தேன். மணல்மேட்டின் ஓரம் அமர்ந்தேன். சீட்டாடும் முதியவர்கள், குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிடும் தகப்பன், முதுகில் அறுவைத் தழும்போடு நீரிலிருந்து எழுந்து வரும் ஒருவர். கால் மணி நேரம் கழிந்திருக்கும். நரைத்த முடியுடன் ஒரு மூதாட்டி நேராக என்னை நோக்கி நடந்து வந்தார். "வழி தவறிவிட்டீர்களா?" என்று எளிய ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "இங்கே பார்க்க மட்டும் யாரும் வருவதில்லை" என்றார். குரலில் கோபமில்லை. அந்தக் கணத்தில் நான் அடைந்த கூச்சம் இன்றுவரை நினைவில் இருக்கிறது. ஆற்றில்கூடத் துண்டு கட்டிக் குளிக்கக் கற்றுக்கொடுக்கப்பட்டவன் நான். ஆடை அணிந்திருப்பதற்காக வெட்கப்பட்டது அதுவே முதல் முறை.

ஜெர்மானியர்கள் இதை எஃப்.கே.கே. என்று மூன்றெழுத்தில் குறிப்பிடுகிறார்கள். சுதந்திர உடற்பண்பாடு என்று பொருள் கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆலைப் புகைக்கும் இறுக்கமான உடைக்கும் எதிராக எழுந்த வாழ்க்கைச் சீர்திருத்தங்களில் ஒன்று. 1933இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் அதன் சங்கங்களைக் கலைத்தார்கள். எஞ்சியதைத் தங்கள் இனவாதத்துக்கு வளைத்துக்கொண்டார்கள். போருக்குப் பின் பிறந்த கிழக்கு ஜெர்மனியும் முதலில் முகம் சுளித்தது. 1954இல் பால்டிக் கரையில் நிர்வாணக் குளியல் தடை செய்யப்பட்டது.

இந்தக் கதையில் இலக்கியவாதிகளும் உண்டு. ரோஸ்டாக்கின் வடகிழக்கே உள்ள ஆரன்ஸ்ஹோப் ஓவியர்களும் எழுத்தாளர்களும் கோடையைக் கழித்த கிராமம். அங்கே ஆடையின்றிக் குளித்தவர்களைப் பொறுக்காதவர்களில் முதன்மையானவர் கவிஞர் யோஹானஸ் ஆர். பெஷர். அந்நாட்டின் தேசிய கீதத்தை எழுதியவர். பின்னர் பண்பாட்டு அமைச்சர். செவிவழிக் கதை ஒன்று உண்டு. கடற்கரையில் நாளிதழால் முகத்தை மூடி நிர்வாணமாகப் படுத்திருந்த ஒரு பெண்ணை, "வெட்கமில்லையா, கிழட்டுப் பன்றியே" என்று பெஷர் ஏசினாராம். நாளிதழை விலக்கினால், நாவலாசிரியை அன்னா ஸேகர்ஸ். பிறகொரு விருது விழாவில், "என் அன்புக்குரிய அன்னா" என்று அவர் பேசத் தொடங்க, "உங்களுக்கு நான் இன்னும் கிழட்டுப் பன்றிதான்" என்று ஸேகர்ஸ் பதில் சொன்னாராம். முகம் தெரியாதவரை பன்றியாக இருந்த உடல், பெயர் தெரிந்ததும் அன்புக்குரியதாகிவிட்டது. இரண்டு முறையும் மாறியது பார்ப்பவரின் வசதிதான்.

மக்கள் விடவில்லை, மனு மேல் மனு எழுதினார்கள். 1956இல் குறிப்பிட்ட இடங்களில் அனுமதி வந்தது. எழுபதுகளில் அது குடும்பங்களின் சாதாரண விடுமுறைப் பழக்கமாகிவிட்டது. ஆனாலும் இதை விடுதலையின் பொற்காலம் என்று பாடுவது பொய்யாகும். அதே கரையை இரவில் எல்லைக் காவலர்கள் தேடொளி விளக்குகளோடு கண்காணித்தார்கள். கடல் வழியே தப்பிக்க முயன்று பலர் மாண்டார்கள். குடிமகனின் கையில் ஒரு படகைக் கொடுக்க அஞ்சிய அரசு, அவன் ஆடையைக் களைய மட்டும் அனுமதித்தது. கண்காணிக்கும் அரசின் கீழ் வாழ்ந்தவர்கள், எவரும் எவரையும் கண்காணிக்காத ஒரு துண்டு மணலை அத்தனை பிடிவாதமாகப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

1990இல் ஜெர்மனி ஒன்றானது. மேற்கிலிருந்து வந்த விடுமுறைப் பயணிகளுக்கு இந்தப் பழக்கம் ஒவ்வவில்லை. பல ஊர்களில் சச்சரவு எழுந்தது. நிர்வாணப் பகுதிகள் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டன. 2024இல் ரோஸ்டாக் நகரம் தன் கடற்கரை விதிகளைத் திருத்தியபோது, நிர்வாணக் குளியலுக்கென ஒதுக்கிய பகுதிகளில் உடையணிந்து இருப்பவர்களை வெளியேறச் சொல்லக் காவலர்களுக்கு அதிகாரம் அளித்தது. உடையணிந்தவர்கள் வெறித்துப் பார்ப்பதாக வந்த புகார்களே காரணம். உலகப் பத்திரிகைகள் இதைக் கேலிச் செய்தியாக வெளியிட்டன.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று உடுத்தச் சொன்னார்கள், இன்று களையச் சொல்கிறார்கள், இரண்டும் அதிகாரம்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 1954இன் தடைக்குப் பின் விரும்பியவர்கள் செல்வதற்குச் சட்டப்படி ஓரிடமும் இல்லை. இன்றைய விதியின்படி, உடுத்தியிருக்க விரும்புபவருக்குக் கரையின் பெரும்பகுதி திறந்தே கிடக்கிறது. இரு சாராரும் கலந்திருக்கும் பகுதிகளும் உண்டு. எவரையும் ஆடை களையும்படி அது கட்டாயப்படுத்தவில்லை. தன்னைக் காட்டாமல் பிறரைப் பார்க்கும் சலுகையை மட்டும் ரத்து செய்கிறது. அந்தச் சலுகை மிகப் பழையது. மருத்துவர் முன் நோயாளி, அதிகாரி முன் கைதி என்று, ஒருவர் உடுத்தியும் மற்றவர் உடுத்தாமலும் நிற்குமிடங்களில் எல்லாம் அது இருக்கிறது.

எழுதுபவர்களுக்கும் இதில் பங்குண்டு என்று நினைக்கிறேன். பிறர் வறுமையை, பிறர் காமத்தை, பிறர் மரணத்தைக் கூர்ந்து பார்ப்பதை நாம் திறமை என்று கொண்டாடுகிறோம். பெரும்பாலும் முழுக்கைச் சட்டையுடன் மணல்மேட்டில் அமர்ந்தபடியே அதைச் செய்கிறோம்.

அன்று அந்த மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்து நடந்தேன். மறுநாள் குறிப்பேட்டை அறையிலேயே விட்டுவிட்டு மீண்டும் சென்றேன். சட்டைப் பொத்தானைக் கழற்றக் கை நடுங்கியது. ஆனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகஸ்ட் மாதத்திலும் பால்டிக் நீர் சில்லென்றுதான் இருந்தது. கரையேறியபோது அதே மூதாட்டி சீட்டாட்டத்திலிருந்து தலை நிமிர்ந்து, தெரிந்தவருக்குத் தலையசைப்பதுபோல் அசைத்துவிட்டு, மீண்டும் தன் சீட்டுகளுக்குத் திரும்பினார்.