ஒரு செடிக்கு இரண்டு பெயர்கள்



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளின் மலையடிவாரத் தரிசுகளிலும் வேலியோரங்களிலும் யாரும் விதைக்காமலே வளரும் ஒரு செடியை நீங்கள் அறிவீர்கள். நாற்கோணத் தண்டு, எதிரெதிராய் அமைந்த, மென்மயிர் படர்ந்த தடித்த இலைகள், உதடு பிளந்தாற்போன்ற ஊதாப் பூக்கள், கசக்கினால் காரமான மணம். புதினா, துளசி, தும்பை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தக் காட்டுச்செடியைப் பேய்மிரட்டி என்கிறோம்.

இதன் பச்சை இலையைத் திரியாகச் சுருட்டி எண்ணெயில் நனைத்து ஏற்றினால் விளக்கு எரியும். அந்தப் புகைக்குக் கொசு அகலும் என்றும், பேயும் அகலும் என்றும் மக்கள் நம்பினார்கள். ஆனால் மருத்துவம் அறிந்த முன்னோர் இதே செடியை வெதுப்படக்கி என்றும் அழைத்தார்கள். வெதுப்பு என்றால் காய்ச்சல். இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பதும், கஷாயமாக்கிக் காய்ச்சலுக்கும் வயிற்று உபாதைக்கும் கொடுப்பதும் வழக்கம். முதற்பெயர் அச்சத்தில் பிறந்தது. இரண்டாவது பெயர் நோயாளியின் அருகில் அமர்ந்தவர்கள் இட்டது.

நம் சபைகளிலோ முதற்பெயரே இன்னும் ஆளுகை செய்கிறது. உறக்கமின்றித் தவிக்கும் மகளையும், பிறர் செவிக்கு எட்டாத குரலைக் கேட்கும் மகனையும், பிரசவத்துக்குப்பின் காரணமின்றி அழும் தாயையும் பிசாசு பிடித்தவர்கள் என்று தீர்த்து, மருத்துவரிடம் காட்டாமல் கூட்டத்துக்குக் கூட்டம் அலைக்கழிக்கிறோம். இது விசுவாசம் அல்ல என்பதே என் துணிபு.

வேதம் நமக்குக் கற்பிப்பது வேறு. மத்தேயு 4:24-ஐ வாசித்துப் பாருங்கள். பிணியாளிகள், பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் என்று சுவிசேஷகன் தனித்தனியே பிரித்து எழுதுகிறான். எல்லா வியாதிக்கும் அவன் ஒரே பெயர் சூட்டவில்லை. எசேக்கியா ராஜாவின் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார். ஆனாலும் அவனுடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கும்படி ஏசாயா சொன்னான். ஜெபமும் மருந்தும் அங்கே ஒன்றாக நின்றன.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டார்கள். அந்தச் சங்கிலியை ஒரு மதத்தின்மேல் மாத்திரம் சுமத்த வேண்டாம். நோயைப் பேய் என்று அழைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அதன் ஒரு கண்ணி இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. சட்டத்துக்கு முன்பே அன்பு அதைத் தடை செய்திருக்க வேண்டாமா?

ஆகவே ஜெபியுங்கள், இடைவிடாமல் ஜெபியுங்கள். ஆனால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணைச் சபை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஊழியர் எவராயினும் செவிகொடாதிருங்கள்.

பிணியாளியை அவன் பிணியின் பெயராலே அறிந்து, பயமின்றி அவன் அருகே அமரும் கிருபையைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.