தரைக்கு என்ன பூசுறது?

முன்குறிப்பு: நான் தச்சர் இல்லை. ஆணி புடுங்கறது எல்லாம் ஆபீஸ்ல மட்டும்தான். அதனால இது நிபுணர் கருத்து இல்லை, பட்டவன் கருத்து.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். நாங்க இருக்கிறது நியூஜெர்ஸியில, 1950கள்ல கட்டின ஒரு வீட்டுல. வாங்கும்போது வீடு பூரா அழுக்கு பழுப்புல ஒரு கார்ப்பெட். 2021ல ஒரு நாள் அலமாரிக்குப் பின்னாடி ஓரத்தைத் தூக்கிப் பார்த்தா, கீழே ரெட் ஓக்! ரெண்டே கால் இன்ச் அகலம், முக்கால் இன்ச் கனம், ஒட்டுப்பலகை கிடையாது, முழு மரம். தங்கமணி சந்தோஷத்துல அன்னிக்குச் சாயங்காலமே பாதி கார்ப்பெட்டை உரிச்சுட்டாங்க. அப்புறம்தான் தலைவலி. இதுக்கு மேல என்ன பூசுறது?

விசாரிச்ச பத்து பேரும் பத்து விதமா சொன்னாங்க. ஆனா எல்லாரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொன்னாங்க: "எது ரொம்ப நாள் தாங்கும்?" அந்தக் கேள்வியே தப்புங்கறதுதான் இந்தப் பதிவு. எதைப் பூசினாலும் தேயும். தேஞ்ச பிறகு நாம என்ன செய்ய முடியும்னு பார்த்துத்தான் பூச்சைத் தேர்ந்தெடுக்கணும்.

முதல்ல ஒரு மாயையைப் போக்கிடறேன். நல்ல பூச்சு பூசினா தரையில பள்ளம் விழாதுன்னு நினைக்கிறோம் இல்லையா? அந்தப் பூச்சு மெல்லிசான ஒரு தோல், அவ்வளவுதான். குழவி கீழே விழுந்தா பூச்சும் மரமும் சேர்ந்துதான் அமுங்கும். அது மரத்தோட கடினத்தைப் பொறுத்த விஷயம். அதை அளக்க ஜான்கான்னு ஒரு அளவு இருக்கு. ரெட் ஓக் 1290. நம்ம தேக்கு ஆயிரத்துச் சொச்சம்தான்! (இதை அப்பாகிட்ட சொன்னேன். ஒரு வாரம் பேசலை.) பூச்சோட வேலை தண்ணி, அழுக்கு, கீறல் இதுங்களைத் தடுக்கறது மட்டும்தான்.

கடையில இருக்கிறதைச் சுருக்கிப் பார்த்தா ரெண்டு சாதி. ஒண்ணு, மரத்துக்கு மேலே படலமா உக்காருறது, அதாவது பாலியூரித்தேன். இன்னொண்ணு மரத்துக்குள்ளே இறங்குறது, எண்ணெயும் மெழுகும் கலந்த ஹார்ட்வேக்ஸ் ஆயில். பாலியூரித்தேன்ல மறுபடி ரெண்டு வகை. ஆயில் பேஸ் மரத்துக்கு நல்ல தேன் நிறம் குடுக்கும், வருஷம் போகப் போக இன்னும் மஞ்சளாகும், நாத்தம் மண்டையைப் பிளக்கும், அடுத்த கோட் அடிக்க அனேகமா ஒரு நாள் காத்திருக்கணும். வாட்டர் பேஸ் நிறம் மாறாது, நாத்தம் கம்மி, ரெண்டு மூணு மணி நேரத்துல அடுத்த கோட். ஆனா ஓக் மேல கொஞ்சம் வெளிறித் தெரியும். சாப்பாடு போட்டு உப்பு போடாத மாதிரி.

நாங்க ஹாலுக்கும் ரூமுக்குப் போற நடைக்கும் ஆயில் பேஸ் பாலியூரித்தேன்னு முடிவு பண்ணி ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டோம். ஹாலை முழுசா தேய்ச்சு மூணு கோட் அடிச்சுக் குடுத்தார். கண்ணாடி மாதிரி இருந்துச்சு, குறையே சொல்ல முடியாது. நடையைப் பார்த்தவர், "இது நல்லாத்தானே இருக்கு, லேசா சுரண்டிட்டு மேலேயே ஒரு கோட் போட்டுடலாம், உங்களுக்குப் பணம் மிச்சம்"னார். பணம் மிச்சம்னு சொன்னதும் நான் தலையாட்டிட்டேன். யாரு ஆட்டமாட்டா?

ரெண்டே மாசம். கொதிச்ச பால்ல ஆடை எடுக்கிற மாதிரி நடையில பூச்சு உரிஞ்சு வந்துச்சு. குழந்தை கையாலயே உரிச்சு விளையாடுது. விஷயம் என்னன்னா, பழைய காலத்துல அந்தத் தரைக்கு மெழுகு போட்டிருக்காங்க. மெழுகு மேல பாலியூரித்தேன் ஒட்டவே ஒட்டாது. காண்ட்ராக்டருக்கு ஃபோன் போட்டா, "என் பூச்சுல குத்தமில்லை, உங்க தரையிலதான்"னுட்டார்.

இதுல கொடுமை, கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் போதும். மினரல் ஸ்பிரிட்ஸை வெள்ளைத் துணியில தொட்டு ஒரு மூலையில தேய்ச்சுப் பாருங்க. துணியில மஞ்சளோ பழுப்போ பிசுபிசுன்னு வந்தா மெழுகு இருக்கு. இன்னொரு மூலையில ஆல்கஹால் வைங்க. பூச்சு இளகி ஒட்டினா அது ஷெல்லாக், அதாவது நம்ம ஊர் அரக்கு. பழைய அமெரிக்க வீடுகள்ல அதுவும் நிறைய உண்டு. அரக்குப் பூச்சி நம்ம நாட்டுப் பூச்சி. அது எங்கே எல்லாம் போய் தரையில படுத்திருக்கு பாருங்க! தேய்க்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் செய்யணும். 1978க்கு முன்னாடி கட்டின வீடுன்னா ஈயம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணிடுங்க. வீட்டுப் பெயிண்ட்ல ஈயத்தை இங்கே தடை பண்ணினதே அந்த வருஷம்தான். வீட்டுல குழந்தை இருந்தா இதுல சோம்பல் கூடாது.

சரி, நடைக்கு வருவோம். இந்தத் தடவை நானே மெஷின் வாடகைக்கு எடுத்து மெழுகு போக மரம் வரைக்கும் தேய்ச்சேன். டிரம் சாண்டர் ஒரு நொடி நின்ன இடத்துல ஒரு பள்ளம். அது இன்னும் இருக்கு, மேலே ஷூ ரேக் வெச்சிருக்கோம். அப்புறம் ஹார்ட்வேக்ஸ் ஆயிலை ஒரே கோட் தடவி, மரம் குடிச்சது போக மிச்சத்தை ஒரு சொட்டு விடாம துடைச்சு எடுத்தேன். விட்டா பிசுபிசுப்பு போகாது. அப்பா பக்கத்துல நாற்காலி போட்டு மேற்பார்வை. "ஏண்டா, இத்தனை டாலர் குடுத்து எண்ணெய் வாங்கணுமா? பாட்டி வீட்டு சிவப்புத் தரைக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுத்தானே துடைப்பா?"ன்னார். நியாயமான கேள்விதான். ஆனா தேங்காய் எண்ணெய் எத்தனை வருஷம் ஆனாலும் இறுகாது, மரத்துல தூசிதான் பிடிக்கும். ஆளி விதை எண்ணெய் காத்துல இருக்கிற ஆக்ஸிஜனை இழுத்துக்கிட்டு இறுகிடும். இந்தத் தரை எண்ணெய்கள்ல பலதுக்கும் அதுதான் அடிப்படை.

அந்த இறுகற வேலையில சூடு வரும். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில போட்டா அந்தச் சூடு வெளியே போக வழியில்லாம தானாவே தீப்பிடிக்கும். தீக்குச்சியே வேண்டாம். அமெரிக்காவுல இதனால நிஜமாவே வீடுகள் எரிஞ்சிருக்கு. துணியைத் தண்ணியில முக்கி மூடியோட தகர டப்பாவுல போட்டு வைக்கணும். இதைச் சொன்னதும் அப்பா, "அப்ப இது அரக்கு மாளிகைதான்"னு சொல்லிட்டு, அன்னிக்கு முழுக்க டப்பாவுக்குக் காவல் இருந்தார்.

ஆக ஒரே வீட்டுல ரெண்டு பூச்சு. ஹால்ல படலம், நடையில எண்ணெய். அதுக்கப்புறம் ரெண்டையும் நவராத்திரி நவராத்திரியா கவனிச்சுட்டு வர்றேன்.

ஹால் ரெண்டு வருஷம் அப்படியே இருந்துச்சு. சாம்பார் கொட்டினாலும் துடைச்சா போச்சு. மூணாவது கொலுவுக்குப் படியைத் தூக்காம இழுத்தோம். (யார் இழுத்ததுங்கறது குடும்ப ரகசியம்.) நாலடி நீளத்துக்கு வெள்ளைக் கோடு. அந்த இடத்துல மட்டும் பூசினா திட்டு திட்டாத் தெரியும். ஒழுங்கா செய்யணும்னா ஹாலையே காலி பண்ணி, மேல்பூச்சை லேசா உராய்ஞ்சு, முழுசா ஒரு கோட் அடிக்கணும். ஆறிச் சேர்ற வரைக்கும் ஒரு மாசம் கம்பளம் விரிக்கக் கூடாது. பெரிய வேலையில்லைதான், மரம் வரைக்கும் தேய்க்க வேண்டாம். ஆனா சோஃபாவையும் அப்பாவையும் எங்கே நகர்த்துறது? அந்தக் கோடு இன்னிக்கும் அங்கேயேதான் இருக்கு.

நடை நேரெதிர். முதல் மாசமே கறை. அப்பாவோட கைத்தடி அடியில ரப்பர் தேஞ்சு போய் வரிசையா கீறல். ஒரு நாள் ஈர இரும்பு தோசைக்கல்லை யாரோ கீழே வெச்சுட்டுப் போயிட்டாங்க, காலையில பார்த்தா வட்டமா கருப்பு. ஓக்ல டேனின் இருக்கு, அது ஈரத்தோட இரும்பைத் தொட்டா கருப்பாயிடும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சின அதே ரசாயனம்தான். அதுக்கு ஆக்ஸாலிக் ஆசிட் வெச்சு, கழுவி, காய விட்டு, தேய்ச்சு, எண்ணெய் தடவ ஒரு வார இறுதி போச்சு. கீறலுக்கெல்லாம் அரை மணி போதும். ஒரு துண்டு சாண்ட்பேப்பர், ஒரு ஸ்பூன் எண்ணெய். எங்கே தடவினேன்னு மறுநாள் எனக்கே தெரியாது.

அதனால என் கட்சி எண்ணெய்தான். கூடவே ஒண்ணு ஒத்துக்கறேன். ஹால் கேட்காத கவனிப்பை நடை கேக்குது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது மண்டியிட்டு எங்கே காஞ்சிருக்குன்னு பார்க்கணும். அது முடியாதவங்க, வீட்டை வாடகைக்கு விடறவங்க எல்லாம் பாலியூரித்தேனே போட்டுக்குங்க, ஆனா மரம் தெரியற வரைக்கும் விடாம சில வருஷத்துக்கு ஒரு மேல்கோட் அடிச்சுடுங்க. பளபளன்னு கிளாஸ் மட்டும் வேண்டாம், சின்னக் கீறலும் ஊருக்கே தெரியும். சமையலறைக்கு நானே கூட ரெண்டு பாகம் கலந்து அடிக்கிற வாட்டர் பேஸ்தான் போடுவேன். நம்ம வீட்டு சிங்க் முன்னாடி எந்த எண்ணெய் நிக்கும்? எதைப் பூசினாலும் வாளித் தண்ணியோட தரை துடைக்கிற நம்ம ஊர்ப் பழக்கத்தை மட்டும் விட்டுடணும். தண்ணி பூச்சைத் தாண்டி பலகை இடுக்கு வழியா இறங்கும்.

போன சனிக்கிழமை மாடி ரூமுக்கு எண்ணெய் போட்டு முடிச்சோம். இனி ஹாலையும் தேய்ச்சு அதுக்கே மாத்திடலாமான்னு தங்கமணிகிட்ட மெதுவா ஆரம்பிச்சேன். "முதல்ல அந்த ஷூ ரேக்குக்குக் கீழே இருக்கிற பள்ளத்தைப் பாருங்க"ன்னு பதில் வந்துச்சு. ராத்திரி படுக்கப் போகும்போது கீழேயிருந்து அப்பா குரல்: "டேய், துணியைத் தண்ணியில போட்டியா?"