உபதேர்தல் ஜோசியம்

பண்ருட்டியில் பலாப்பழம் வாங்குகிறவன் பழத்தைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவான். ஆனால் ஒரு பழத்தைத் தட்டிவிட்டு, "தோப்பு முழுவதும் பழுத்துவிட்டது" என்று சொல்லுகிறவனை மண்டி வாசலில் நிற்கவிட மாட்டார்கள். நமது பத்திரிகைகளும் கட்சித் தலைவர்களும் உபதேர்தல் வந்தால் செய்வது இதைத்தான். எங்கோ ஓர் எம்.எல்.ஏ. காலமாகிவிடுகிறார். இரண்டு லட்சத்துச் சொச்சம் வாக்காளர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். மறுநாள் காலையில் நாட்டுக்கே ஜாதகம் கணித்தாகிவிடுகிறது. இன்ன கட்சிக்கு ஏறுமுகம், இன்ன கட்சிக்குச் சனி திசை!

இந்த ஜோசியம் பலித்ததே இல்லையா என்று கேட்பீர்கள். பலித்திருக்கிறது. 1963-ல் திருவண்ணாமலை உபதேர்தலில் ஆளும் காங்கிரஸ் தோற்று, தி.மு.க. வென்றது. அந்த வருஷமே காமராஜர் முதல் மந்திரி பதவியைத் துறந்து கட்சி வேலைக்குப் போனார். நாலு வருஷத்தில் காங்கிரஸ் சர்க்காரே போயிற்று. 1973-ல் திண்டுக்கல் பார்லிமெண்டுத் தொகுதியில், பிறந்து ஏழே மாதமான அ.தி.மு.க. ஜெயித்தது, ஆளும் தி.மு.க. மூன்றாவது இடத்தில் நின்றது. 1977-ல் எம்.ஜி.ஆர். முதல் மந்திரி. இந்த இரண்டு கதைகளை வைத்துக்கொண்டுதான் நமது அரசியல் ஜோசியர்கள் இன்றுவரை காலட்சேபம் நடத்துகிறார்கள்.

பலிக்காததை மட்டும் யாரும் குறித்து வைப்பதில்லை. 2009 ஜனவரியில் திருமங்கலத்தில் ஆளும் தி.மு.க. அமோகமாக வென்றது. வென்ற விதத்துக்குத் 'திருமங்கலம் பார்முலா' என்று பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் பெயருக்குப் பொருள் என்ன என்று சிறு பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். 2011-ல் அந்தத் தொகுதியும் போயிற்று, ஆட்சியும் போயிற்று. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் ஆளுங்கட்சியை 40,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தார். தி.மு.க.வுக்கு டெபாசிட் போயிற்று. அன்று எழுதப்பட்ட ஜாதகங்களை எடுத்துப் பாருங்கள்! 2019 பார்லிமெண்டுத் தேர்தலில் தினகரன் கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை, தி.மு.க. அணிக்குத் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38.

தூரத்துக் கதை எதற்கு? விக்கிரவாண்டி பண்ருட்டிக்காரர்களுக்கு அயல் ஊரல்ல. தஞ்சாவூர் போகும் சாலை விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி வழியாகத்தான் போகிறது. அந்த விக்கிரவாண்டி, 2019 அக்டோபர் உபதேர்தலில் அ.தி.மு.க.வை 44,924 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது. 2021 பொதுத் தேர்தலில் தி.மு.க.வை அனுப்பியது. 2024 ஜூலை 10-ம் தேதி உபதேர்தலில் அதே தி.மு.க.வுக்கு 67,757 ஓட்டு வித்தியாசம் கொடுத்தது. இரண்டு உபதேர்தலிலும் ஜெயித்தது யார்? அன்றைக்குக் கோட்டையில் எந்தக் கட்சி இருந்ததோ, அந்தக் கட்சி. இதைத் தெரிந்துகொள்ள ஜோசியர் வேண்டுமா?

காரணம் ரகசியமல்ல. பொதுத் தேர்தலில் மந்திரிகள் 234 தொகுதிகளுக்கும் பிரிந்து ஓட வேண்டும். உபதேர்தலில் அத்தனை பேரும் ஒரே ஊரில் வந்து இறங்கலாம். சட்டசபை அபேட்சகர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று 2022-ல் உச்சவரம்பு வைத்தார்கள். பேஷ்! ஆனால் அவருடைய கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே வைக்கவில்லை. முன்வாசலில் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைக்கிற புத்திசாலித்தனம் இது.

ஆளுங்கட்சியை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. எனக்கு அதிகக் கோபம் எதிர்க்கட்சிகள் மீதுதான். 2024-ல் விக்கிரவாண்டியை அ.தி.மு.க. புறக்கணித்தது. தேர்தல் நேர்மையாக நடக்காது என்று காரணம் சொன்னார்கள். 2009-ல் ஐந்து தொகுதி உபதேர்தலிலும் அக்கட்சி இப்படித்தான் ஒதுங்கியது. தி.மு.க. என்ன யோக்கியம்? 2015-ல் ஆர்.கே. நகரில் ஜெயலலிதா நின்றபோது அது ஆளையே நிறுத்தவில்லை. கோட்டையில் இருந்தால் ஜனநாயகத் திருவிழா. வெளியே இருந்தால் திருவிழாவே மோசடி!

விக்கிரவாண்டி ஜனங்கள் என்ன செய்தார்கள்? சுமார் 82 சதவீதம் பேர் வந்து வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். கட்சிதான் புறக்கணித்தது, வாக்காளன் புறக்கணிக்கவில்லை. சில மாதங்களுக்கு முன் நடந்த பார்லிமெண்டுத் தேர்தலில் அதே தொகுதியில் அ.தி.மு.க.வுக்கு 60,000-க்கு மேற்பட்டவர்கள் ஓட்டுப் போட்டிருந்தார்கள். "உங்கள் ஓட்டை யாருக்காவது போட்டுக்கொள்ளுங்கள்" என்று அவர்களை நடுத்தெருவில் விட்டுவிட்டுத் தலைவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எந்தச் சமயத்தில்? ஓட்டுப்பதிவுக்கு மூன்று வாரம் முன்னால் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். சர்க்காரைக் கேள்வி கேட்க ஒரு தேர்தல் அமைந்ததென்றால் அதுதான். பா.ம.க.வும் நாம் தமிழரும் களத்தில் நின்றார்கள். பிரதான எதிர்க்கட்சியின் சின்னம் மட்டும் யந்திரத்தில் இல்லை. புறக்கணிப்பை அறிவித்தது சாவுக்கு முன்னால் என்பார்கள். சரி, அதனால்தான் சொல்கிறேன்: நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாதவர்கள் இன்றைக்கே களத்தை விட்டு ஓடக் கூடாது.

இந்தச் சீமைக்காரர்களுக்கு ஓட்டின் அருமையைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1952-ல் காங்கிரஸையும் மீறித் தென்னார்க்காட்டை மையமாகக் கொண்ட உழைப்பாளர் கட்சிக்குச் சட்டசபையில் 19 இடம் கொடுத்தவர்கள். 1954-ல் ராமசாமிப் படையாட்சி காமராஜர் மந்திரிசபையில் சேர்ந்து, கட்சியும் காங்கிரஸில் கரைந்தது. அது வாக்காளன் செய்த குற்றமல்ல. 1991-ல் அடித்த அலையில் தி.மு.க.வே இரண்டு இடத்தோடு நின்றபோது, பா.ம.க.வின் ஒரே எம்.எல்.ஏ.வை அனுப்பிய ஊர் பண்ருட்டி. 2006-ல் தே.மு.தி.க.வின் ஒரே எம்.எல்.ஏ.வாக விஜயகாந்த் போனது விருத்தாசலத்திலிருந்து. ஊரெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தால் தாமும் சாய வேண்டும் என்று நினைக்கிற ஜனங்களா இவர்கள்? ஆளை நிறுத்தி, அவர்கள் முகத்தைப் பார்த்து ஓட்டுக் கேட்க ஏன் அஞ்ச வேண்டும்?

காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒரு தாலுக்கா ஜனங்கள் பிரதிநிதி இல்லாமல் கிடக்கக் கூடாது என்பது அதன் கருத்து. கட்சிகளுக்கோ அது தங்கள் பலத்தை அளந்து பார்க்கும் காய்ச்சல்மானி. அளவு பாதகமாக வரும் என்று பயந்தால் அதை வாயில் வைக்கவே மறுக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கிலும் அ.தி.மு.க. ஒதுங்கியது, பா.ஜ.க.வும் ஒதுங்கியது. தி.மு.க. முதலிடம், நாம் தமிழர் டெபாசிட் இழந்து இரண்டாமிடம். மூன்றாவது இடம் எந்தக் கட்சிக்கும் கிடைக்கவில்லை. 6,000-க்கு மேற்பட்ட ஓட்டோடு, 'இவர்களில் எவருமில்லை' என்ற பொத்தானுக்குக் கிடைத்தது.